இரண்டு மணிநேரம் ஒரே ஓட்டம்: யாழ்ப்பாணத்தில் ஆழ்ந்த டெக் ஹவுஸ் செற் கட்டுவது எப்படி

டெக் ஹவுஸ் ஒரு மின்னணு நடன இசை; டிஜே அதன் துண்டுகளை நிறுத்தாமல் ஒன்றோடொன்று கலந்து ஓடவிடுவது செற். ஆழ்ந்த டெக் ஹவுஸ் செற் ஒன்றை முதன்முறை கேட்பவருக்கு முதல் பத்து நிமிடமும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஒரே கிக் (கனத்த டிரம் அடி), ஒரே ஹைஹற் (சிறு தாளத் தட்டின் ஒலி), அடியில் இரண்டு மூன்று சுரத்துக்குள் சுற்றும் பேஸ். பல்லவி வராது, சரணம் வராது. இருபதாவது நிமிடமளவில் தன் கால் தானாக ஆடிக்கொண்டிருப்பதை அவர் கவனிப்பார். நாற்பதாவது நிமிடத்தில், எந்தத் துண்டு எப்போது முடிந்து அடுத்தது எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அந்த இடத்துக்குச் சனத்தை ஆறுதலாகக் கூட்டிப்போய், அங்கேயே வைத்திருப்பதுதான் டிஜேயின் வேலை. அதற்கு ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அந்த மாற்றம் சமத்தில், அதாவது தாள வட்டத்தின் முதலாம் அடியில், விழட்டும். கீழே உள்ள எல்லாம் இந்த விதியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்.

யாழ்ப்பாணத்துக் காதுக்கு இந்த அனுபவம் புதிது இல்லை. திருவிழா மேளச்சமாவில் ஒத்து ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்கும். தாளம் மாறாமல் விழுந்துகொண்டிருக்கும். அதன்மேல் தவில் தன் கணக்கை விரித்து, தீர்மானத்தை மூன்று முறை வைத்துச் சமத்தில் வந்து இறங்கும்போது, இருந்த சனம் முழுவதும் ஒன்றாகத் தலையசைக்கும். மாறாத ஒன்று அடியில் ஓடுவதால்தான் மாறுவது காதில் விழுகிறது. டெக் ஹவுஸில் ஒத்தின் இடத்தில் நீண்டு நிற்கும் ஒரு சின்த் ஒலி இருக்கும். தாளக்காரரின் இடத்தில் ஹைஹற் இருக்கும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு எதையாவது எடுத்து, கையால் தாளம் போட்டபடி முழுவதும் கேட்டுப் பாருங்கள். தாளத்தை விடாமல் பத்து நிமிடம் இருக்க முடிந்தால் மிக்ஸ் செய்யத் தேவையான காது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

இசையின் வேர் வேறு நாடு. சிக்காகோவின் ஹவுஸும் டெட்ரொய்டின் டெக்னோவும் 1990களின் நடுப்பகுதியில் லண்டனில் கலந்தபோது இந்தப் பெயர் வந்தது. 1995இல் மிஸ்டர் சி என்பவர் பங்காளியாகத் திறந்த தி எண்ட் கிளப் அதற்கு ஒரு முக்கிய மேடை. டிரம் ஒலிகளில் பெரும்பங்கு 1983இல் வந்த ரோலண்ட் டிஆர்-909 கருவியின் வழிவந்தவை. ஹவுஸ் தந்தது துள்ளல், டெக்னோ தந்தது பிடிவாதம். ஆழ்ந்த செற்றில் பிடிவாதம் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

எண்ணப் பழகுதல்

வேகம் 121 முதல் 125 பி.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை அடி) வரை. 124இல் ஒரு அடி 0.48 செக்கன். நான்கு அடி ஒரு பார், எட்டு பார் ஒரு வட்டம். அதாவது 32 அடி, ஏறத்தாழ 15.5 செக்கன். இந்த இசையில் புதிய ஒலி வருவதும் பழையது போவதும் பெரும்பாலும் இந்த வட்டத்தின் தொடக்கத்தில்தான்.

இதை எண்ணுவதற்கு ஆதி தாளம் மிக வசதியான கருவி. இரண்டு கிக்குக்கு ஒரு எண்ணிக்கை என்று கையால் போடுங்கள். ஒரு ஆவர்த்தனம் முடியும்போது 16 அடி கடந்திருக்கும். இரண்டு ஆவர்த்தனத்தில் வட்டம் முடியும். மேசைக்குக் கீழே தொடையில் போட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் இப்படிக் கேட்டுவந்தால் எண்ணாமலே அடுத்த சமம் வருவது உடம்புக்குத் தெரியத் தொடங்கும். கணினித் திரையின் ஒலி அலைப் படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உணர்வு வருவதில்லை. திரை அணைந்தால் அவர்கள் திணறுவார்கள்.

வட்டம் தவறினால் என்ன நடக்கும்? வேகம் சரியாகப் பொருந்தியிருந்தாலும் ஒரு அடி தள்ளித் தொடங்கியிருந்தால், இரண்டாவது நான்காவது அடியில் விழவேண்டிய கிளாப், முதலாம் மூன்றாம் அடியில் விழும். காதுக்கு உடனே நெருடும். ஒரு பார் தள்ளித் தொடங்கியிருந்தால் உடனே தெரியாது. ஆனால் புதுத் துண்டின் பேஸ் வரும் நேரமும் பழைய துண்டு விலகும் நேரமும் ஒட்டாமல், ஆடுபவர்களுக்குக் காரணம் புரியாத ஒரு தடுமாற்றம் வரும். சிங்க் பொத்தான் வேகத்தைப் பொருத்தித் தரும். சமத்தைப் பொருத்துவது உங்கள் விரல்தான்.

துண்டுகளைத் தெரிவு செய்தல்

இரண்டு மணிநேர செற்றில் ஒவ்வொரு துண்டும் சராசரி ஐந்து நிமிடம் ஒலித்தால் 24 துண்டு வேண்டும். கையில் 60 வைத்திருங்கள். அதற்கு மேல் கொண்டுபோனால் தேடுவதில் கவனம் போய்விடும். தெரிவு செய்யும்போது நான்கு விடயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, தொடக்கத்திலும் முடிவிலும் குறைந்தது 32 பார் வெறும் டிரம் இருக்கிறதா? 124 வேகத்தில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். வானொலிக்காக வெட்டிய மூன்று நிமிடப் பதிப்பில் இந்த இடம் இருக்காது. ஆறு, ஏழு நிமிட நீளப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, டிரம் நின்றுபோகும் இடைவெளி எவ்வளவு நீளம்? 16 பாருக்கு மேல் கிக் இல்லாவிட்டால் மயக்கம் கலைந்துவிடும். மூன்றாவது, குரல். ஒரு சொல், இரண்டு சொல் திரும்பத் திரும்ப வந்தால் அது தாளத்தோடு சேர்ந்துவிடும். முழுப் பாட்டு வந்தால் சனம் ஆடுவதை விட்டுக் கேட்கத் தொடங்கும், பிறகு அடுத்த பாட்டை எதிர்பார்க்கும். திரைப்பாட்டும் பைலாவும் கேட்டு வளர்ந்த கூட்டத்தில் இந்த எதிர்பார்ப்பு இன்னும் பலமாக இருக்கும்.

நான்காவதுதான் இந்த இசையின் உயிர்: உள்ளே ஏதாவது ஒன்று நாலின் கணக்கை மீறி ஓடுகிறதா? ஒரு பாரில் 16 சிறு அடிகள். அதன்மேல் மூன்று சிறு அடிக்கு ஒரு தடவை விழும் ஒரு மணியோசை இருந்தால், கிக்கும் மணியும் மூன்று பாருக்கு ஒரு முறைதான் ஒன்றாகத் தொடங்கும். சதுஸ்ரத்தின் மேல் திஸ்ரம் ஓடுவதைப் போல. காது அந்தச் சந்திப்பைத் தேடிக்கொண்டே இருக்கும்; தேடுவது தெரியாமலே தேடும். இரண்டே ஒலிதான் இருக்கிறது, ஆனாலும் அலுக்கவில்லை என்று ஒரு துண்டைப் பற்றித் தோன்றினால், அநேகமாக இப்படி ஒன்று உள்ளே இருக்கும். சின்னஞ்சிறு சாய்வும் அதே வேலையைச் செய்யும். இரட்டைப்படைச் சிறு அடிகள் இம்மியளவு தாமதித்து விழும்போது, நேர்கோடாக ஓடும் கிக்கின் மேல் ஹைஹற் நடை பழகும்.

இயர்போனில் மட்டும் கேட்டுத் தெரிவு செய்யாதீர்கள். 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைச் சிறிய இயர்போன் மறைத்துவிடும். காதை மூடும் ஹெட்போன் ஒன்று வேண்டும். முடிந்தால் 12 அங்குலப் பெட்டி ஒன்றில் ஒரு தடவை ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.

கோப்பும் யூஎஸ்பியும்

320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது வேவ் கோப்பு. ஏழு நிமிடத் துண்டு எம்பி3யில் ஏறத்தாழ 17 எம்பி, வேவில் 74 எம்பி. காணொளித் தளத்திலிருந்து உருவிய கோப்பை வீட்டில் கேட்டால் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். பெரிய பெட்டியில் ஹைஹற் மணல் கொட்டுவது போலக் கரகரக்கும், இரண்டு மணிநேரத்தில் காது களைத்துவிடும். ஆக்கியவருக்குப் பணம் போகும் வழியில் வாங்குவது நியாயமும்கூட.

யூஎஸ்பியை ஃபேட்32 முறையில் ஃபோர்மற் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் பயனியர் பிளேயர்கள் படிக்காது. ஒரே உள்ளடக்கத்தோடு இரண்டு யூஎஸ்பி கொண்டுபோக வேண்டும். ரெக்கோர்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருள் போட்டுத்தரும் அடிக்கட்டத்தை (அடி விழும் இடங்களைக் காட்டும் கோடுகளை) கண்ணை மூடி நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டின் முதலாம் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் கோடு கிக்கின்மேல் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு துண்டின் வேகத்தில் 0.05 பி.பி.எம். வித்தியாசம் இருந்தால்கூட, 64 பார் நீளக் கலவையில் கிக்குகள் 50 மில்லிசெக்கன் விலகிவிடும். அது குதிரைக் குளம்பு போல இரட்டையாகக் கேட்கும்.

ஒவ்வொரு துண்டிலும் மூன்று குறி போதும்: முதலாம் அடி, பேஸ் நுழையும் இடம், பேஸ் விலகும் இடம். துண்டின் சுருதியைக் காட்ட மென்பொருள் தரும் சுருதிக் குறிப்பு எண்கள் உதவும். 8ஏயிலிருந்து 7ஏ, 9ஏ, 8பி என்று பக்கத்து எண்ணுக்குப் போனால் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் இந்த இசையில் சுரமே குறைவு என்பதால் மென்பொருள் அடிக்கடி பிழையான எண்ணைத் தரும். இரண்டு பேஸையும் ஹெட்போனில் சேர்த்துக் கேட்பதுதான் முடிவான சோதனை. அரைச்சுர இடைவெளியில் இரண்டு பேஸ் மோதினால் வயிற்றைப் பிசைவது போல ஒரு உறுமல் வரும். அந்த இணையைக் கைவிடுங்கள்.

கலக்கும் முறை

முதலில் ஒலியளவு. புதுத் துண்டின் தொடக்கத்தை வைத்து கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) சரிசெய்யக்கூடாது; அங்கே டிரம் மட்டும்தான் இருக்கும். பேஸும் எல்லாமும் சேர்ந்து ஒலிக்கும் நடுப்பகுதிக்குப் போய், மீற்றர் உச்சம் ஓடிக்கொண்டிருக்கும் துண்டின் அளவோடு ஒக்கும்படி வையுங்கள். உச்சம் 0 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும், சிவப்பு வேண்டாம். இதைச் செய்யாதவர்கள் பேஸை மாற்றியவுடன் மண்டபம் திடீரென்று சிறுத்துப்போவதையோ வெடிப்பதையோ கண்டு திகைப்பார்கள்.

மிக்சரில் ஒவ்வொரு துண்டுக்கும் லோ, மிட், ஹை என்று அடி, நடு, மேல் ஒலிக்கான மூன்று குமிழ் இருக்கும். புதுத் துண்டின் லோ முழுக்க இடப்பக்கம். மிட்டும் ஹையும் நடுவிலிருந்து சற்றுக் குறைவாக. சமத்தில் விடுங்கள். முதல் 16 பாரும், அதாவது அரை நிமிடம், ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளியை) ஏற்றுவதற்கு. கையை இழுப்பது தெரியாத அளவு மெதுவாக. அடுத்த வட்டம் தொடங்கும்போது ஹைஹற்றைக் கைமாற்றுங்கள்: புதியதன் ஹை நடுவுக்கு வரட்டும், பழையதன் ஹை இறங்கட்டும். அப்படியே எட்டு அல்லது 16 பார் ஓட விடுங்கள். இந்த நேரத்தில் தரையில் ஆடுபவருக்கு, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் ஹைஹற் மட்டும் கொஞ்சம் மினுங்குவது போல இருக்கும். அவர் அதை மாற்றமாகவே எடுக்க மாட்டார்.

பிறகு பேஸ். வட்டத்தின் முதலாம் அடியில், இரண்டு கையாலும், ஒரே அடிக்குள்: பழையதன் லோ கீழே, புதியதன் லோ நடுவுக்கு. இதில் மட்டும் மெதுவாகப் போகக்கூடாது. இரண்டு கிக்கும் ஒன்றாக நிற்கும் ஒவ்வொரு செக்கனும் ஆபத்து. அலைகள் ஒத்து விழுந்தால் அடி 6 டெசிபல்வரை எகிறி ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரை முட்டும். எதிரெதிராக விழுந்தால் கிக் காணாமல்போகும். மாற்றிய பிறகு பழைய துண்டைக் கெதியாக வெளியே தள்ளாதீர்கள். பேஸ் இல்லாத பழைய துண்டு இப்போது ஒரு உபதாளம். அதன் சலங்கையோ, மணியோ, முனகும் குரலோ இன்னும் 16, 32 பார் புதியதன் மேல் மிதக்கட்டும். இந்த நீண்ட மிதப்பில்தான் இரண்டு துண்டும் தனித்தனியாக இல்லாத மூன்றாவது ஒன்று பிறக்கிறது. செற்றின் அழகு முழுக்க இங்கேதான் இருக்கிறது. பழையதன் மிட்டைக் கடைசியாக இறக்கி, அடுத்த சமத்தில் ஃபேடரை மூடுங்கள்.

ஒரு கலவைக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். பழையதன் டிரம் முடிவு போதாவிட்டால் 16 அடியைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆகப் போட்டு நீட்டலாம். நான்கு அடி லூப் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடினால் கை நின்றுவிட்டது சனத்துக்குத் தெரிந்துவிடும்.

பழகுபவர்கள் அதிகம் செய்யும் பிழை, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்வது: ஃபில்டரைத் திருப்பி, எக்கோ போட்டு, பேஸையும் வெட்டுவது. ஒவ்வொன்றும் ஒரு மாற்றம். மூன்று மாற்றம் ஒரே வட்டத்துக்குள் வந்தால் கேட்பவர் விழித்துக்கொள்கிறார். பேஸை வெட்டுவதென்றால் எட்டு பாருக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் கால்கள் நிற்கும். எக்கோவை ஒரு மணிநேரத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொட வேண்டியதில்லை.

வேகத்தை ஏற்றும்போது சுருதியைப் பூட்டும் மாஸ்டர் டெம்போவை அணைத்து வைப்பது நல்லது. 122இல் உள்ள துண்டை 124க்கு ஏற்றினால் 1.6 வீதம்தான், சுருதி அரைச்சுரத்தின் கால்பங்கு சொச்சம் உயரும், அவ்வளவே. பூட்டினால் கிக்கின் முனை மழுங்கும். நீண்ட இசைச்சுரங்கள் உள்ள துண்டுக்கு மட்டும் பூட்டுங்கள்.

பெட்டியும் மண்டபமும்

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வரும் சவுண்ட் பெரும்பாலும் நாதஸ்வரத்துக்கும் பேச்சுக்கும் திரைப்பாட்டுக்கும் ஏற்றபடி வைத்திருப்பது. நடு அலைவரிசை தூக்கலாக இருக்கும், அறிவிப்பாளர் மைக்குக்கு எக்கோ போட்டிருக்கும். சவுண்ட்காரரிடம் மூன்று விடயம் கேளுங்கள்: அடி ஒலிக்கான 18 அங்குல சப் பெட்டி குறைந்தது இரண்டு, உங்கள் இணைப்பு வரும் சானலில் எக்கோ முழுதாக அணைப்பு, ஈக்யூ எல்லாம் நடுவில். அண்ணன்மாரிடம் முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பேசி, என்ன மாதிரி இசை என்று போட்டுக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். எட்டு நிமிடம் பாட்டு வராததைக் கேட்டு அவர் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைக்கக்கூடாது.

சப் பெட்டிகளை மேடையின் இரண்டு பக்கமும் பிரித்து வைப்பதுதான் இங்கே வழக்கம். நம் தேவைக்கு அது சரிவராது. 30 பாகை வெப்பத்தில் 50 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 7 மீற்றர். ஒரு பெட்டியிலிருந்து உள்ள தூரம் மற்றதைவிட 3.5 மீற்றர் கூடிய இடத்தில் நிற்பவருக்கு இரண்டு கிக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நெஞ்சை இடிக்கும், நாலு கதிரை தள்ளி ஒன்றும் இருக்காது. இரண்டையும் ஒட்டி நடுவில் வையுங்கள். பின்சுவரிலிருந்து 1.75 மீற்றர் தள்ளி வைத்தாலும் அதே வில்லங்கம்: சுவரில் பட்டுத் திரும்பும் அலை அரை அலை பிந்தி வந்து முன்னால் போவதைக் கெடுக்கும். சுவரோடு ஒட்டி வைத்தால் அடி பலக்கும், ஒலியளவைக் குறைக்கலாம். பெட்டி வைத்தபின் வெறும் கிக் ஓடவிட்டு மண்டபம் முழுக்க ஒரு தடவை நடந்து பாருங்கள்.

தகரக் கூரை இன்னொரு கவலை. குறிப்பிட்ட சில பேஸ் சுரத்துக்குத் தகரம் அதிர்ந்து சடசடக்கும். எந்தத் துண்டுக்கு வருகிறது என்று சோதனையில் கண்டுபிடித்து, அந்தத் துண்டை அன்றைக்கு விட்டுவிடுவதே சுலபம். வெறுமையான சீமெந்து மண்டபத்தில் ஹைஹற் சிதறி எதிரொலிக்கும். சனம் நிறைந்தபின் அது பாதி அடங்கும், ஆகவே வெறும் மண்டபத்தில் ஹையைக் கடுமையாக வெட்டி வைக்காதீர்கள்.

டிஜே மேசைக்கு ஒரு மொனிட்டர் பெட்டி கட்டாயம் வேண்டும், 2 மீற்றருக்குள். பெரிய பெட்டி 15 மீற்றர் தூரத்தில் இருந்தால் அதன் ஒலி உங்களுக்கு 43 மில்லிசெக்கன் பிந்தித்தான் வரும். அதைக் கேட்டு ஹெட்போனோடு அடியைப் பொருத்தினால் ஒவ்வொரு கலவையும் பிசகும்.

இணைப்பில் நடக்கும் பெரிய விபத்து ஒன்று உண்டு. மடிகணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே வயரில் மிக்சரின் எக்ஸ்எல்ஆர் மைக் துளைக்குக் கொடுப்பார்கள். இடது, வலது இரண்டும் எதிரெதிர் முனையில் போய், நடுவில் உள்ளது முழுக்க அடிபட்டுப்போகும். கிக்கும் பேஸும் நடுவில்தான் இருக்கின்றன. மிஞ்சுவது ஹைஹற்றின் நிழல் மட்டும். கிக் மாயமாய் மறைந்தால் முதலில் இந்த வயரைப் பாருங்கள். கன்ட்ரோலரில் சமநிலை வெளியீடு இருந்தால் அதைப் பாவியுங்கள். ஆர்சிஏ மட்டும் இருந்தால் வயர் 5 மீற்றருக்குள் நிற்கட்டும், தூரம் கூடினால் டிஐ பெட்டி (இணைப்பைச் சமநிலையாக்கும் சிறு பெட்டி) ஒன்று கேளுங்கள், அதிலிருந்து வருவது மைக் துளைக்குப் போகும். டிஐ பெட்டி இல்லாமல் நேரே கொடுப்பதென்றால் லைன் துளைக்குத்தான் கொடுக்க வேண்டும். மைக் துளை உடனே கரகரக்கும்.

உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் மடிகணினியும் அம்ப்பும் வேறு வேறு பிளக்கில் இருப்பதால் வருவது. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். உறுமலும் 50, 100 ஹேர்ட்ஸில் வந்து கிக்கின்மேலேயே உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே இணைப்பிலிருந்து எடுங்கள். மடிகணினியின் சார்ஜரைக் கழற்றி உறுமல் நிற்கிறதா என்று பாருங்கள். எர்த் முனையை வெட்டுவது உயிராபத்து, யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். பிளேயரும் மிக்சரும் ஒரு யூபிஎஸ்ஸில் இருந்தால், மின்வெட்டுக்கும் ஜெனரேட்டர் பிடிப்பதற்கும் இடையில் அவை அணைந்து திரும்ப எழும்பும் நேரம் மிச்சமாகும். காரைநகர் கசூரினா போலக் கடற்கரையில் என்றால் உப்புக்காற்றும் மணலும் ஃபேடருக்குள் இறங்கும். தொடங்கும்வரை துணியால் மூடி வைத்து, வீட்டுக்கு வந்ததும் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

அனுமதி, அயல், காது

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 மணியைக் கடைசி நேரமாக வைத்தே திட்டமிடுங்கள். அனுமதிப் பத்திரத்தில் வேறு நேரம் இருந்தால் அதுதான் கணக்கு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அந்தச் சுற்றாடலில் வைக்காமல் இருப்பது மரியாதை. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் குடிமனைகளுக்குள் வைப்பதும் சரியில்லை. பேஸ் மதிலைத் தாண்டும், வேலியையும் தாண்டும், பெட்டியை மறுபக்கம் திருப்பினாலும் பெரிதாகக் குறையாது. ஆடும் இடத்தைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்து அளவைக் குறைப்பதே வழி.

கூட்டம் நடக்கும் இடங்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வைத்த மேல் அளவு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். இந்த இசைக்கு அவ்வளவு வேண்டியதே இல்லை. 95க்குள் கிக் தெளிவாக நின்றால் போதும். கத்தாமல் பக்கத்தில் நிற்பவரோடு ஒரு வசனம் பேச முடிந்தால் ஆட்கள் நீண்டநேரம் நிற்பார்கள். கைபேசிச் செயலி பேஸைச் சரியாக அளக்காது, அண்ணளவுக்கு மட்டும் நம்பலாம். நீங்கள் காதடைப்பான் போடுங்கள். வெளிச்சம் குறைவாக, ஒரே நிறமாக, மெதுவாக மாறட்டும். மின்னல்போல வெட்டும் வெளிச்சம் இசை செய்வதைக் கலைத்துவிடும்.

தவில், பறை, உடுக்கைச் சேர்ப்பது

எல்லோருக்கும் வரும் ஆசை, நல்ல ஆசை. வாசிப்பவரிடம் கேட்டு, அவருக்கு உரியதைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். மல்லாரி போலச் சுவாமி புறப்பாட்டுக்கு உரியதை நடனத் தரைக்குக் கொண்டுவர வேண்டாம். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. கையால் வாசிப்பது இயல்பாக வேகம் அசையும் என்பதால், முழு வாசிப்பையும் கிக்கின்மேல் போட்டால் அரை நிமிடத்தில் விலகும். நன்றாக விழுந்த ஒரு பார் அல்லது இரண்டு பாரை மட்டும் வெட்டி லூப் ஆக்குங்கள். 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டிவிடுங்கள், அந்த இடம் கிக்குக்கும் பேஸுக்கும் உரியது. தவிலின் முழக்கம் நடு அலைவரிசையில் நிறைய இடம் பிடிக்கும், ஆகவே அது ஒலிக்கும்போது சின்த் ஒன்றை இறக்க வேண்டும். பறையின் சுருதி தோல் காய்ச்சும் சூட்டோடு மாறும். ஒரே அமர்வில் பதிந்தவற்றையே சேர்த்துப் பாவியுங்கள். ஒரு செற்றில் ஒரு தடவை, ஐந்து நிமிடம் வந்து போனால் காணும்.

எட்டு மணியிலிருந்து பத்துவரை

சனம் வந்து சேரும் முதல் அரைமணி 121இல். டிரம் மட்டும் நிறைந்த, பேஸ் மெலிந்த துண்டுகள். திரைப்பாட்டுக்குப் பழகிய கூட்டமென்றால் தோல் வாத்திய ஓசை கூடிய துண்டில் தொடங்குங்கள், கால் சீக்கிரம் பிடிக்கும். யாராவது வந்து பாட்டுக் கேட்பார்கள். சிரித்துத் தலையாட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடருங்கள். நடுவில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டால் அந்த ஐந்து நிமிடம் களைகட்டும், பிறகு கட்டிய அரைமணி திரும்பி வராது.

எட்டரைக்கு 122, ஒன்பதுக்கு 123. ஒரு கலவைக்குள் 0.2க்கு மேல் ஏற்றாதீர்கள். பேஸ் கனமான, ஹைஹற் குறைந்த துண்டுகள் இங்கே. இந்த மணிநேரம்தான் மயக்கத்தின் நெஞ்சு, இதில் ஒன்றையும் அவசரப்படுத்தக்கூடாது. தரையைப் பாருங்கள்: கைகள் மேலே போயிருந்தால் நீங்கள் அதிகம் கொடுத்துவிட்டீர்கள், தலைகள் குனிந்து தோள் அசைந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஆட்கள் கைபேசியை எடுக்கத் தொடங்கினால் துண்டை மாற்றுவதற்கு முன் ஹைஹற்றை எட்டு பார் இறக்கித் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது காணும்.

ஒன்பது இருபதுக்கு, கிக் நிற்கும் நீண்ட இடைவெளி உள்ள ஒரே ஒரு துண்டு. ஒரு மணி இருபது நிமிடம் விடாமல் ஓடியது நிற்கும்போதுதான் அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரியும். கிக் திரும்பும்போது 124. அங்கிருந்து கடைசிவரை அதே வேகம்.

ஒன்பது ஐம்பதுக்குக் கடைசித் துண்டு உள்ளே வந்திருக்க வேண்டும். அதன் பேஸ் விலகியதும் வேறெதையும் சேர்க்காதீர்கள். 16 பாருக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஒலியாக இறக்கி, ஹைஹற் மட்டும் மிஞ்சும்போது மாஸ்டரை இரண்டு வட்டத்துக்குள் மூடுங்கள். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு மேசை அமைதியாகிவிடும். சப் அம்ப்பை முதலில் அணைத்து, பிறகு மிக்சர், பிறகு பிளேயர்.